களி சேர்த்த நனோக் கலப்புப்பொருள்: குறியைக் கண்டு பிழையைத் தேடும் வழிமுறை

பல்பகுதியத்துக்குள் (பிளாஸ்ரிக், இறப்பர் போன்றவற்றுக்குள்) நுண்ணிய களியைப் பரப்பிச் செய்த மாதிரிச் சட்டம், இழுத்துச் சோதிக்கும் பொறியில் எதிர்பார்த்ததற்கு முன்பே முறிந்துவிட்டால், செய்தவர் முதலில் பொறியைச் சந்தேகிக்கிறார். அடுத்ததாகக் கலக்கிய வெப்பநிலையைச் சந்தேகிக்கிறார். வன்னியில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்தும் செய்வித்தும் வருகிற நான் கண்டவரையில், பிழை பெரும்பாலும் இந்த இரண்டிலும் இருக்கவில்லை. அது பல நாள்களுக்கு முன்னரே, களியைக் கழுவிய வாளியிலும் உலர்த்திய தட்டிலும் நடந்து முடிந்திருந்தது. ஆகவே குறிகளை வேலை நடக்கும் ஒழுங்கில், களியிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். முறிந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவரும் முதலிலிருந்தே வாசிப்பது நல்லது.

மொன்மொரிலோனைற்று என்னும் களிக்கனியத்தின் தகடொன்று ஏறத்தாழ 1 நனோமீற்றர் தடிப்புடையது. அதன் அகலமோ தடிப்பைப்போல் நூறு மடங்கு, சிலவேளை அதற்கும் மேல். தகடுகளுக்கிடையே சோடியம் அல்லது கல்சியம் அயன்கள் நீரோடு அமர்ந்திருப்பதால், களி நீரோடு உறவாடும். பொலிபுரொப்பிலீன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள பல்பகுதியத்தோடு உறவாடாது. அந்த அயன்களை வெளியேற்றி, நீண்ட கரிம வாலுள்ள அமோனியம் அயன்களை அவற்றின் இடத்தில் அமர்த்துவதையே களியை மாற்றியமைத்தல் என்கிறோம். மாற்றிய களியின் தகடுகள் பல்பகுதியத்துக்குள் தனித்தனியாகப் பிரிந்து பரவுமானால் மிகச் சிறிதளவு களியே போதும். ஜப்பானின் தொயோட்டா ஆய்வாளர்கள் நைலோன்-6இல் நூற்றுக்கு நான்கைந்து பங்கு களியைச் சேர்த்து, இழுவை வலிமையை 69 மெகாபஸ்காலிலிருந்து 107க்கும், விறைப்பின் அளவான யங்கின் மட்டு என்பதை 1.1 கிகாபஸ்காலிலிருந்து 2.1க்கும் உயர்த்திக் காட்டினார்கள். அந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பொலிபுரொப்பிலீனில் இறங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். அவர்கள் களித்தகடுகளுக்கு இடையிலேயே நைலோனை உருவாக்கினார்கள். நாம் உருகிய பல்பகுதியத்துக்குள் களியைத் தள்ளுகிறோம். அதுவும் களியை விரும்பாத ஒரு பல்பகுதியத்துக்குள்.

குறி: களி நீரில் பொங்கவில்லை

100 மில்லிலீற்றர் அளவுச்சாடியில் காய்ச்சிவடித்த நீரை நிரப்பி, உலர்த்தி அரித்த களித்தூள் 2 கிராமைச் சிட்டிகை சிட்டிகையாக மேலிருந்து தூவி, ஒரு நாள் அசைக்காமல் வைத்துவிடுங்கள். நல்ல சோடியம் பெந்தொனைற்று (மொன்மொரிலோனைற்று மிகுந்த களி) 24 மில்லிலீற்றர் அளவுக்கோ அதற்கு மேலோ பொங்கி நிற்கும். உங்கள் களி அடியில் ஒரு விரல் தடிப்புக்குக் கூட எழும்பவில்லையென்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: ஒன்றில் அது வேறு களி, அல்லது சரியான களிதான், ஆனால் கல்சியம் ஏறிய நிலையில் இருக்கிறது.

வேறு களி என்பது பெரும்பாலும் கயோலினைற்று. அதன் கற்றயன் மாற்றுக் கொள்ளளவு, அதாவது அது மாற்றித்தரக்கூடிய நேரேற்ற அயன்களின் அளவு, 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லிசமவலு வரை. மொன்மொரிலோனைற்றுக்கு அது 80 முதல் 120 வரை. தகடுகளுக்கிடையே மாற்றுவதற்கு அயனே இல்லாத களியில் எவ்வளவு அமோனியம் உப்பை ஊற்றினாலும் அது வெளிப்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர உள்ளே போகாது. எக்ஸ் கதிர்க் கோணல் என்னும் சோதனையில் (கதிர் விலகும் கோணத்தைக் கொண்டு தகடுகளின் இடைவெளியை அறிவது) 12.4 பாகையளவில் கூரான உச்சி தெரிந்தால், அது 0.72 நனோமீற்றர் இடைவெளியுள்ள கயோலினைற்றின் கையொப்பம். செங்கல்லுக்கும் சட்டி பானைக்கும் நல்ல களியென்று ஊரார் காட்டுகிற இடத்தில் போய் மண் எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குயவர் தேடுவது உலரும்போது வெடிக்காத களியை. நாம் தேடுவது வெடிக்கிற களியை. மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பக்கத்தில், கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள கரிய வயல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதையும் மாரியில் காலைப் பிடித்துக்கொண்டு விடாததையும் அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் அறிவார்கள். மொன்மொரிலோனைற்று வகைக் களி அதில் மிகுந்திருப்பதே அதற்குக் காரணம்.

சரியான களி கல்சியம் நிலையில் இருந்தால், ஒரு மோலார் செறிவுள்ள சோடியம் குளோரைட்டுக் கரைசலில் களியைப் பல மணிநேரம் கலக்கி, நீரை வடித்து, புதுக் கரைசல் ஊற்றி, மூன்று தடவை இப்படிச் செய்த பின் உப்புப் போகக் கழுவ வேண்டும். அதற்கு முன்பே மணலை நீக்கியிருக்க வேண்டும். 2 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கைகள் 10 சென்ரிமீற்றர் ஆழம் படிவதற்கு 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 8 மணிநேரம் எடுக்கும் என்பதே பாடநூல்களில் உள்ள கணக்கு. எங்கள் ஆய்வுகூடங்களில் நீர் 30 பாகையில் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் நீரின் பாகுநிலை குறைவதால் 6 மணிநேரத்தைச் சற்றுத் தாண்டியதுமே மேல்நீரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பாடநூலை நம்பி 8 மணிநேரம் காத்திருந்தால், நமக்கு வேண்டிய நுண்களியிலும் ஒரு பங்கு அடியில் போய்விடும்.

குறி: கழுவுநீர் ஒரு மணித்தியாலத்திலேயே தெளிகிறது, ஆனால் வெள்ளி நைத்திரேற்றுச் சோதனை முடிவதேயில்லை

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் களியைப் பார்ப்பதில்லை. வாளி நீர் எங்கிருந்து வந்ததென்று கேட்கிறேன்.

நீண்ட வாலுள்ள அமோனியம் உப்பான செற்றில் திரைமெதைல் அமோனியம் புரோமைட்டால் களியை மாற்றிய பின், மிஞ்சிய புரோமைட்டு முழுவதும் போகும்வரை கழுவ வேண்டும். வடித்த நீரில் வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விட்டுக் கலங்கலைப் பார்ப்பதே வழக்கமான சோதனை. ஒரு மாரிக்கு முந்திய வாரத்தில் ஒரு மாணவர் எட்டாவது முறையாகவும் கழுவிவிட்டு, "கலங்கல் இன்னும் நிக்கேல்லை சேர்" என்று சோதனைக்குழாயைக் கொண்டுவந்து காட்டினார். குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கலங்கல் சுத்த வெள்ளையாக இருந்தது. வெள்ளி புரோமைட்டு வெளிறிய மஞ்சள் சாயலுடையது. வெள்ளையாக விழுவது வெள்ளி குளோரைட்டு. காய்ச்சிவடித்த நீர் முடிந்துவிட்டதால் மூன்றாம் கழுவலிலிருந்து கிணற்றுநீர் பாவித்ததாக அவர் பிறகு சொன்னார். சோதனை காட்டிக்கொண்டிருந்தது களியின் புரோமைட்டை அன்று, கிணற்றின் குளோரைட்டை. அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டினோம்; எனக்கு அது இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் கழுவும் நீரைத் தனியே எடுத்து அதற்கும் அதே சோதனையைச் செய்துபார்க்கும்படி நான்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

குளோரைட்டு சோதனையைத்தான் குழப்பும்; பெரிய கேடு கிணற்றுநீரின் கல்சியமும் மகனீசியமும். சோடியம் நிலைக்குக் கொண்டுவந்த களியை வன்னீரில் கழுவினால், இரட்டை ஏற்றமுள்ள அந்த அயன்கள் திரும்பவும் தகடுகளுக்கிடையே ஏறிக்கொண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கின்றன. களி திரண்டு விரைவாக அடியில் இறங்குவது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதால்தான் இந்தப் பிழை பிடிபடாமல் போகிறது. சோடியம் களி ஒரு நாள் கழிந்தும் கலங்கலாகவே நிற்க வேண்டும். அது தெளியாமலிருப்பதே நல்ல அறிகுறி. அதைப் பிரித்தெடுக்க மையநீக்கி வேண்டும்.

காய்ச்சிவடித்த நீர் போதாத இடத்தில் நான் செய்வது, மாரியில் முதல் மழையை ஓடவிட்டுப் பின் மழைகளில் சுத்தமான தகரக் கூரையிலிருந்து பிளாஸ்ரிக் தாங்கியில் பிடித்த நீரை முதற் கழுவல்களுக்குப் பாவித்து, கடைசி மூன்று கழுவல்களுக்கு மட்டும் காய்ச்சிவடித்த நீரைச் செலவிடுவதாகும். சீமெந்துத் தொட்டியில் சேர்த்த மழைநீர் இதற்கு ஆகாது. சீமெந்திலிருந்தே கல்சியம் இறங்கிவிடும்.

குறி: மாற்றிய களி உலர்ந்து கல்லாகிறது, அல்லது கழுவக் கழுவ நுரைக்கிறது

கல்லாவது அவசரத்தின் விளைவு. ஈரக் களியைக் கனலடுப்பில் 100 பாகைக்கு மேல் வைத்தால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே நீர் சிக்கி, பிறகு பீங்கான் உரலும் அதை உடைக்காது. மெல்லிய பரப்பாகப் பூசி 60 பாகையில் இரண்டு நாள் வைத்து, அரைத்து, 75 மைக்ரோமீற்றர் அரிதட்டில் அரிக்க வேண்டும். அரிதட்டில் தங்கியதைத் திரும்ப அரையுங்கள். "கொஞ்சம்தானே" என்று அப்படியே சேர்ப்பவர்கள் அந்தக் கொஞ்சத்தைக் கடைசியில் முறிந்த பரப்பில் காண்பார்கள். அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். இயற்கைக் களியில் நுண் படிகக்கல் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

நுரை நிற்காவிட்டால் அமோனியம் உப்பு கூடிவிட்டது. கணக்கு எளியது: கொள்ளளவு 90 மில்லிசமவலுவென்றால் 100 கிராம் களிக்கு 0.09 மோல் வேண்டும். செற்றில் திரைமெதைல் அமோனியம் புரோமைட்டின் மூலர்த் திணிவு ஏறத்தாழ 364 என்பதால் அது 33 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கொள்ளளவை அளக்காமல் யாரோ எழுதிய எடையை அப்படியே எடுத்தால், மிஞ்சிய உப்பு தகடுகளோடு கட்டுப்படாமல் தளர்வாக நிற்கும். அது உருகற் கலப்பில் முதலில் எரிவதோடு, பல்பகுதியத்தை மெழுகுபோல் மிருதுவாக்கிவிடும். இளஞ்சூடான எதனோல்-நீர்க் கலவையால் கழுவினால் அதை வெளியேற்றலாம்.

குறி: எக்ஸ் கதிர் வரைபு நினைத்ததைக் காட்டவில்லை

இங்கே மூன்று வேறு நிலைமைகள் உள்ளன. மூன்றுக்கும் அர்த்தம் வேறு.

உச்சி இடம் மாறவேயில்லை என்றால், அதாவது மாற்றிய களியும் மூலக்களியைப்போல் 7.1 பாகையில், 1.24 நனோமீற்றரில் நிற்கிறதென்றால், வால் உள்ளே போகவில்லை. சரியாக மாறிய களியில் இந்த வால் நீளத்துக்கு உச்சி 4.4 பாகையளவுக்கு, அதாவது 2 நனோமீற்றருக்கு வரவேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 2920, 2850 அலையெண்களில் வாலின் அதிர்வுகள் தெரிவதைக் காட்டி "மாறிவிட்டது" என்று வாதிடுவார்கள். அந்த உச்சிகள் உப்பு களியோடு இருக்கிறதென்று மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சொல்லாது.

கலப்புப்பொருளில் உச்சியே காணவில்லை என்றால் கொண்டாட வேண்டாம். முதலில் வரைபு எந்தக் கோணத்தில் தொடங்குகிறதென்று பாருங்கள். 5 பாகையில் தொடங்கிய வரைபில் 1.77 நனோமீற்றருக்கு மேற்பட்ட எந்த இடைவெளியும் தெரியாது; 2 பாகையில் தொடங்கினால் 4.4 நனோமீற்றர் வரை தெரியும். 2 பாகையிலிருந்து எடுத்தும் உச்சி இல்லையென்றாலும், களி மிகக் குறைவாக இருப்பதாலோ, அடுக்குகள் ஒழுங்கு குலைந்து கிடப்பதாலோ, தகடுகளின் கிடை கதிருக்கு ஏற்றவாறு அமையாததாலோ அது மறைந்திருக்கலாம். தகடுகள் உண்மையிலேயே பிரிந்தனவா என்பதை ஊடுகடத்தும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால்தான் உறுதிசெய்யலாம். அதற்கு 100 நனோமீற்றருக்கு உட்பட்ட தடிப்பில் சீவிய மாதிரி வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அதற்கு மாதிரியை ஏ-9 வீதி வழியே தெற்கே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். ஆகையால் எல்லா மாதிரியையும் அனுப்பாமல், இழுவைச் சோதனையில் மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் மட்டும் அனுப்புங்கள். நடுவில் உள்ளவை புதிதாகச் சொல்வது குறைவு.

உருகற் கலப்புக்குப் பின் உச்சி வலப்பக்கம், பெரிய கோணத்துக்கு நகர்ந்திருந்தால் அதுதான் மிகக் கவலைக்குரியது. வால்கள் வெப்பத்தில் சிதைந்து வெளியேற, தகடுகள் திரும்பவும் நெருங்கிவிட்டன. ஆயினும், மாதிரிப் பரப்பு தாங்கியின் மட்டத்துக்குச் சற்று மேலோ கீழோ இருந்தாலும் உச்சி நகரும். சிறிய கோணங்களில் அந்தச் சிறு வழு இடைவெளிக் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடும் என்பதால், மாதிரியைத் திரும்ப வைத்து இன்னொரு தடவை எடுத்த பின்பே முடிவுக்கு வாருங்கள்.

குறி: உருக்கல் பழுப்பாகிறது, மீன் நாற்றம் வருகிறது, குமிழி நிற்கிறது

பழுப்பும் நாற்றமும் சேர்ந்து வந்தால் அமோனியம் உப்பு சிதைகிறது. இந்த வகை உப்புகள் 180 முதல் 200 பாகையளவிலேயே சிதையத் தொடங்கி, ஒரு அற்கீனாகவும் மூன்றாம்நிலை அமீனாகவும் பிரிகின்றன, நாற்றம் அமீனுடையது. பொலிபுரொப்பிலீனைக் கலக்குவதும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில்தான் என்பதால் இதை முழுவதும் தவிர்க்க முடியாது, நேரத்தைத்தான் குறைக்கலாம். 180 பாகைக்கு அண்மையில் வைத்து, பல்பகுதியம் முழுதும் உருகிய பின் களியைச் சேர்த்து, சில நிமிடங்களில் எடுத்துவிடுங்கள். கலக்கும் நடுவில் மின்சாரம் நின்றுபோய், சூடான அறைக்குள் கலவை அரைமணி நேரம் கிடந்ததென்றால் அந்தத் தொகுதியைச் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம். நிறம் நன்றாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

குமிழி மட்டும் வந்து நிறம் மாறவில்லையென்றால் அது ஈரம். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்த தட்டில் இருந்த களியைப் பாவித்துத் தப்பிவிட்டவர்கள், அதே பழக்கத்தோடு மார்கழியில் செய்து குமிழியை வாங்கிக்கட்டிக்கொள்வார்கள். 80 பாகையில் இரவு முழுவதும் உலர்த்தி, ஈரமுறிஞ்சி இட்ட மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, கலக்கும் நிமிடத்தில்தான் திறக்க வேண்டும்.

குறி: விறைப்புக் கூடியது, வலிமை குறைந்தது

யங்கின் மட்டு உயர்ந்து, இழுவை வலிமையும் முறிவு நீட்சியும் விழுந்திருந்தால், களி உள்ளே இருக்கிறது, ஆனால் பல்பகுதியத்தோடு பிடிப்பில்லை. முறிந்த பரப்பை உருப்பெருக்கும் வில்லையால் பாருங்கள். வெள்ளைப் பொட்டொன்று தெரிந்து, அதிலிருந்து விசிறிபோல் கோடுகள் விரிந்திருந்தால் முறிவு அந்தக் கட்டியில் தொடங்கியது. அது அரிதட்டில் விட்ட பிழை. பொட்டே இல்லாமல் பரப்பு முழுவதும் ஒரேமாதிரி மங்கலாக இருந்தால், களியையும் பல்பகுதியத்தையும் பிடித்துவைக்கும் இணைப்பிப் பொருள் போதவில்லை. இணைப்பியாக மலேயிக் அன்ஹைட்ரைட்டு ஒட்டிய பொலிபுரொப்பிலீனைக் களியின் எடையளவிலிருந்து அதன் மூன்று மடங்குவரை சேர்ப்பது வழக்கம். அதைக் களியோடு முதலில் செறிவாகக் கலந்தெடுத்து, பிறகு மீதிப் பொலிபுரொப்பிலீனோடு ஐதாக்குவது எனக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. அதையும் கணக்கின்றிச் சேர்க்கக் கூடாது. அதன் மூலக்கூறுகள் குட்டையானவை, கூடினால் அதுவே வலிமையைத் தின்னும். முறிவு நீட்சி ஓரளவு குறைவது மட்டும் பிழையன்று. விறைப்பைப் பெறுவதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

எப்பொக்சிப் பிசினில் இதே குறி வந்தால் பெரும்பாலும் காற்றே காரணம். களி சேர்ந்த பிசின் தடித்துவிடுவதால் குமிழி தானாக மேலெழாது. இறுக்கியைச் சேர்க்கு முன் இளஞ்சூட்டில் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை வாங்க வேண்டும்.

குறி: இறப்பர் பால் களியைக் கண்டதும் திரைகிறது

இறப்பர் பாலுக்கு அமோனியம் வாலுள்ள களியைச் சேர்த்திருப்பீர்கள். பாலின் துணிக்கைகள் எதிரேற்றத்தால் விலகி நிற்பவை. நேரேற்றமுள்ள அமோனியம் உப்பு அந்தக் காவலைக் கலைத்துவிடும். பாலுக்கு மாற்றாத சோடியம் களியே ஏற்றது. அதை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு அளவில் நீரில் நன்றாகப் பொங்கவிட்டு, மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். அப்படிச் செய்தும் திரைந்தால், மீண்டும் அதே கேள்விதான்: எந்த நீர்? கல்சியமும் மகனீசியமும் பாலையும் திரைய வைக்கும்.

குறி: சாம்பல் கணக்கு ஒத்துவரவில்லை

5 சதவீதம் களி சேர்த்தேன், எரித்தபோது 3 சதவீதமளவுதான் மிஞ்சியது, மீதி எங்கே என்று கேட்கிறார்கள். எங்கும் போகவில்லை. மாற்றிய களியின் எடையில் மூன்றிலொரு பங்குவரை கரிம வால். அது பல்பகுதியத்தோடு சேர்ந்து எரிந்துவிடும். 35 சதவீதம் வாலுள்ள களியில் 5 கிராம் எடுத்தால் கனியம் 3.25 கிராம் மட்டுமே. களியின் உள்ளிருக்கும் ஐதரொட்சைலும் உலையில் நீராகப் போவதால் அதுவும் சற்றுக் குறையும். கலப்புப்பொருளை எரிக்கும் அதே உலையில், பக்கத்துப் புடக்குகையில் மாற்றிய களியைத் தனியே எரித்து, அதன் மிச்ச வீதத்தால் வகுத்தால் சேர்த்த அளவு சரியாக வரும். வேறு வேறு இடங்களில் வெட்டிய துண்டுகளின் சாம்பல் தம்முள் ஒத்துவராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அது கலப்புச் சீரில்லை என்பதன் சான்று.

குறி: ஒரே தொகுதியில் எண்கள் சிதறுகின்றன

ஐந்து சட்டங்களுக்குக் குறையாமல் சோதியுங்கள். பிடியின் வாய்க்குள் முறிந்ததை எண்ணாமல் வேறொன்றை இழுங்கள். சட்டத்தின் ஓரத்தில் வெட்டுக்கீறல் இருந்தால் நுண்ணிய மண்கடதாசியால் நீளப்பாட்டில் தேயுங்கள், குறுக்காகத் தேய்க்க வேண்டாம்.

நியம முறைகள் 23 பாகையிலும் 50 சதவீத ஈரப்பதனிலும் மாதிரியை 40 மணிநேரம் வைத்திருக்கும்படி சொல்கின்றன. குளிரூட்டியில்லாத அறையில் பங்குனி சித்திரை மதியம் 35 பாகையாகும். பொலிபுரொப்பிலீன் அந்த வெப்பத்தில் தெளிவாகவே இளகும். காலையில் வெறும் பல்பகுதியத்தையும் மதியத்தில் களி சேர்த்ததையும் இழுத்தால், களி கெடுத்துவிட்டது என்று பொய்யாகத் தெரியும். இரண்டையும் மாறி மாறி, ஒரே வேளையில், விடிய ஏழு மணிக்கு இழுங்கள். அறையின் வெப்பநிலையை ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள். ஒப்பிட எடுக்கும் வெறும் பல்பகுதியமும் பையிலிருந்து நேரே எடுத்ததாக இருக்கக் கூடாது. அதுவும் அதே கலக்கியில், அதே வெப்பத்தில், அதே நிமிடங்கள் சுழன்று வந்ததாக இருக்க வேண்டும்.